கெல்லாக் டாக்டரிடம் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது?

கேள்வி: என் மாமனாருக்கு 67 வயது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். பல வருடமாக மலச்சிக்கல். "அமெரிக்காவில் கெல்லாக் என்ற பெரிய டாக்டர் தினமும் குடலைக் கழுவியே 91 வயது வரை வாழ்ந்தார்" என்று ஒரு வீடியோ வந்தது. அதைப் பார்த்ததிலிருந்து, நான்கு மாதமாகக் காலையும் மாலையும் ஒரு லிட்டர் தண்ணீரில் எனிமா எடுத்துக்கொள்கிறார். காலை இட்லியை நிறுத்திவிட்டு, அதே டாக்டர் கண்டுபிடித்தது என்று கார்ன்ஃப்ளேக்ஸ் சாப்பிடுகிறார். என் கணவரோ, "அந்த ஆள் ஒரு கிறுக்கன், காம உணர்ச்சியை அடக்கத்தான் கார்ன்ஃப்ளேக்ஸையே கண்டுபிடித்தான்" என்று கேலி செய்கிறார். வீட்டில் தினமும் சண்டை. யார் சொல்வது சரி? மாமனாரிடம் எப்படிப் பேசுவது?
— தூத்துக்குடி வாசகி

பதில்:

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வாரமே உங்கள் மாமனாருக்கு ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் மூன்றையும் பாருங்கள். மாத்திரை அட்டையையும் எடுத்துப் படியுங்கள். ஹைட்ரோகுளோரோதையசைடு, குளோர்தாலிடோன் என்ற பெயர்கள் இருந்தால் அவை சிறுநீரைக் கூட்டும் மருந்துகள். உப்பை ஏற்கெனவே வெளியேற்றிக்கொண்டிருப்பவை. அதோடு தினம் 2 லிட்டர் வெறும் தண்ணீர் பெருங்குடலுக்குள் போனால், குடல்சுவர் தண்ணீரை உள்ளே இழுக்கும், உப்புகள் கழிந்து வெளியே போகும். சோடியம் இறங்கினால் தள்ளாட்டம், குழப்பம், தூக்கக் கலக்கம் வரும். வயதானவர் குளியலறையில் விழுவதற்கு அது ஒன்றே போதும். பொட்டாசியம் இறங்கினால் கால் குடைச்சல், தசைச் சோர்வு, இதயத் துடிப்பில் கோளாறு. வீட்டில் "வயசாகிவிட்டது, அதான்" என்று விட்டுவிடுகிற அறிகுறிகள் இவை.

இனி கெல்லாக். உங்கள் மாமனாரும் கணவரும் ஆளுக்குப் பாதி தெரிந்துகொண்டு சண்டை போடுகிறார்கள்.

ஜான் ஹார்வி கெல்லாக் 1852 பிப்ரவரி 26 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தார். அப்பாவுக்குத் துடைப்பம் செய்யும் தொழில். குடும்பம் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தது. அந்தச் சபை முறைப்படி அமைந்தது 1863-இல், இவர்கள் குடியிருந்த பேட்டில் கிரீக் ஊரிலேயே. அதே ஆண்டு ஜூனில் சபையின் வழிகாட்டி எல்லன் வைட் தனக்கு உடல்நலம் பற்றி ஒரு தரிசனம் கிடைத்ததாகச் சொன்னார். இறைச்சி, மது, புகையிலை, காரமான உணவு எல்லாம் உடலைக் கெடுக்கும். உடல் கடவுளின் ஆலயம். அதை அசுத்தப்படுத்துவது பாவம். கெல்லாக் 12 வயதிலேயே சபையின் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்து, இந்த உடல்நலக் கட்டுரைகளுக்கு எழுத்துக் கோத்த பையன். பின்னாளில் அவர் செய்த நல்லதும் கெட்டதும் கிளம்பிய இடம் அந்த அச்சுக்கூடம்தான்.

வைட் தம்பதியே பணம் கொடுத்து அவரை மருத்துவம் படிக்க அனுப்பினார்கள். 1875-இல் நியூயார்க் பெல்வியூ மருத்துவக் கல்லூரியில் பட்டம். ஆக, அவர் போலி டாக்டர் இல்லை. அந்தக் காலத்து அமெரிக்காவில் கிடைத்த மிக நல்ல படிப்புகளில் அது ஒன்று. அறுவைச் சிகிச்சையில் கைதேர்ந்தவர். ஐரோப்பா போய் அங்குள்ள பெரிய அறுவை மருத்துவர்களிடம் வேலை பார்த்துக் கற்றுவந்தார். 1876-இல், 24 வயதில், சபையின் சிறிய நீர்ச்சிகிச்சை நிலையத்துக்குத் தலைவரானார். அதற்கு அவர் வைத்த பெயர் சானிடேரியம். நமக்குத் தாம்பரம் சானடோரியம் தெரியும் அல்லவா, அந்தச் சொல்லைக் கொஞ்சம் திருத்தி, "நலமாக இருக்கக் கற்கும் இடம்" என்ற பொருளில் அவர் செய்துகொண்ட சொல் அது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தங்கும் மாளிகையாக அது வளர்ந்தது. ஹென்றி ஃபோர்டு, எடிசன், அமெலியா இயர்ஹார்ட் எல்லாம் வந்து தங்கியவர்கள். இறைச்சி கிடையாது, காபி டீ கிடையாது, மது புகையிலை கிடையாது. காலை உடற்பயிற்சி, திறந்த ஜன்னல், வெயில், குளியல், மின்விளக்குப் பெட்டிக்குள் உட்காரும் ஒளிக்குளியல், எண்ணி எடுத்து வைத்த உணவு. தலை முதல் கால் வரை வெள்ளை உடையில் அவர் நடமாடுவார்.

கார்ன்ஃப்ளேக்ஸுக்கு வருவோம். இதில் உங்கள் கணவர் சொல்வது தவறு. ஆனால் அந்தக் கதை கிளம்பிய இடத்தில் ஒரு பொறி உண்டு.

அன்றைய அமெரிக்கக் காலையுணவு பன்றிக்கொழுப்பில் பொரித்த இறைச்சியும் உருளைக்கிழங்கும். "டிஸ்பெப்ஸியா" எனப்பட்ட அஜீரணம் அங்கே ஊர் நோய். மாவுச்சத்தை நன்றாக வறுத்துக் கொடுத்தால் பாதி செரித்த நிலையிலேயே அது வயிற்றுக்குப் போகும் என்று கெல்லாக் நம்பினார். ஆகவே இரண்டு முறை சுட்ட ரொட்டியைக் கொடுத்தார். அது கல் மாதிரி இருந்தது. ஒரு பாட்டியின் பொய்ப்பல் அதில் உடைந்து, அவர் 10 டாலர் நஷ்டஈடு கேட்டார் என்று கெல்லாக்கே சொல்லிவந்தார். பல்லில்லாதவரும் சாப்பிடக்கூடிய வறுத்த தானியம் வேண்டும் என்பதுதான் தேடல்.

1894-இல் ஜானும் தம்பி வில் கீத் கெல்லாக்கும் கோதுமையை வேகவைத்து உருளைகளுக்கு நடுவே விட்டுப் பார்த்தார்கள். வெந்த சூட்டோடு விட்டால் பசையாக உருளையில் ஒட்டிக்கொண்டது. கத்தியால் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. ஒருநாள் வேலை குறுக்கிட்டதில் வெந்த கோதுமை அப்படியே கிடந்துவிட்டது. பிறகு அதை உருட்டியபோது ஒவ்வொரு மணியும் தனித்தனி இதழாக விழுந்தது. காரணம் எளிது. வெந்த உடனே மணியின் வெளிப்பக்கம் ஈரமாகவும் உள்பக்கம் கெட்டியாகவும் இருக்கும். கிடக்க விட்டால் ஈரம் மணி முழுக்கச் சமமாகப் பரவும். ஆறிய மாவுச்சத்து இறுகி ஒட்டும் தன்மையை இழக்கும். பழைய சோறு ஏன் உதிரியாக இருக்கிறது என்று யோசித்தால் விஷயம் பிடிபடும். 1895 மே 31 அன்று விண்ணப்பித்து, 1896 ஏப்ரல் 14 அன்று கிடைத்த காப்புரிமையில் முறை எழுதப்பட்டிருக்கிறது: தானியத்தை 8 முதல் 12 மணி நேரம் புளிக்காத வெப்பநிலையில் ஊறவைப்பது, நன்றாக வேகவைப்பது, ஆறவைத்து ஓரளவு உலர்த்துவது, குளிர்ந்த உருளையில் தட்டையாக்கிச் சுரண்டியால் எடுப்பது, பிறகு மொறுமொறுப்பாகவும் லேசாகச் சிவக்கவும் சுடுவது. நம் அவல் இதற்கு அத்தை மகள்தான். நெல்லை ஊறவைத்து, வறுத்து, சூட்டோடு தட்டுகிறோம். கடைசியாகச் சுடுவது மட்டும் இல்லை.

முதலில் வந்தது கோதுமை இதழ். மக்காச்சோளம் அதன் பிறகு. முழுச் சோளத்தில் செய்தபோது சில வாரங்களில் சிக்கு வாடை அடித்தது, முளைக்கருவில் எண்ணெய் இருப்பதால். தோலையும் கருவையும் நீக்கி வெறும் குருணையில் செய்ததும் பெட்டியில் நிலைத்தது. நார் போனதும் அதே இடத்தில்தான். உங்கள் மாமனாரின் மலச்சிக்கலுக்கு இது நேரடியாகத் தொடர்புள்ள விஷயம் என்பதால் குறித்துக்கொள்ளுங்கள்.

காமம் பற்றி அந்தக் காப்புரிமையில் ஒரு சொல்லும் இல்லை; விற்ற விளம்பரங்கள் பேசியது செரிமானத்தைத்தான். ஆனால் கெல்லாக் 1877-இல் வெளியிட்ட பாலியல் நூலில், மிளகு, கடுகு, ஊறுகாய், இறைச்சி ஆகியவை உணர்ச்சியைக் கிளப்பும், சாதுவான உணவு அடக்கும் என்று எழுதினார். (அவருடைய கணக்கில் செட்டிநாட்டுச் சமையலறை முழுக்கப் பாவக்கிடங்கு.) இந்தக் கருத்தையும் அந்தப் பெட்டியையும் யாரோ பின்னாளில் ஒட்டியதால் வந்தது உங்கள் கணவர் சொல்லும் கதை. அதைச் சொல்லிச் சிரிப்பவர்கள், அந்த நூலில் உண்மையிலேயே உள்ள கொடுமையைத் தவறவிடுகிறார்கள். சுயஇன்பத்தை நோய் என்று எண்ணி, சிறுவர்களுக்கு மயக்க மருந்தே கொடுக்காமல் விருத்தசேதனம் செய்யவும், சிறுமிகளுக்குக் கார்பாலிக் அமிலம் தடவவும் அவர் பரிந்துரைத்தார். வலி தண்டனையாக மனதில் பதிய வேண்டும் என்பது நோக்கம். அன்றைய மருத்துவர்கள் பலர் இப்படி நினைத்தார்கள் என்பது உண்மை. அதனால் இது சிறியதாகிவிடாது.

இப்போது உங்கள் மாமனாருக்கு ஒரு தகவல். அவர் சாப்பிடும் பெட்டியின் மேல் உள்ள பெயர் டாக்டருடையது இல்லை, தம்பி வில்லுடையது. வில் 1880-இலிருந்து ஏறக்குறைய 25 வருடம் அண்ணனிடம் கணக்குப்பிள்ளை, மேலாளர், எடுபிடி எல்லாமாக இருந்தார். தொடக்கத்தில் வாரம் 9 டாலர் சம்பளம். அண்ணனுக்குச் சவரம் செய்துவிட்டு, செருப்புத் துடைத்து, அண்ணன் சைக்கிளில் போகும்போது பக்கத்தில் ஓடிக்கொண்டே குறிப்பெடுத்தவர். இதழ்களில் வெல்லப்பாகு போல மால்ட்டும் சர்க்கரையும் உப்பும் சேர்த்தால்தான் விற்கும் என்பது வில்லின் எண்ணம். அண்ணனுக்குச் சர்க்கரை விஷம். இதற்கிடையே, 1891-இல் நோயாளியாக வந்து தங்கிய சி. டபிள்யூ. போஸ்ட், சானிடேரியத்தில் கண்டதை வைத்தே தானியக் காபியும் காலையுணவும் விற்றுக் கோடீஸ்வரரானார். பொறுத்துப் பார்த்த வில் 1906 பிப்ரவரியில் தனிக் கம்பெனி தொடங்கி, பெட்டியில் தன் கையெழுத்தைப் போட்டார். யார் உண்மையான கெல்லாக் என்று அண்ணனும் தம்பியும் வருடக்கணக்கில் நீதிமன்றத்தில் மல்லுக்கட்டி, 1920-இல் மிச்சிகன் உச்ச நீதிமன்றத்தில் தம்பி ஜெயித்தார். ஆக, கெல்லாக் டாக்டர் வழி நடப்பதாக நினைத்து உங்கள் மாமனார் சாப்பிடுவது, டாக்டர் எதிர்த்து வழக்காடிய பொருள்.

எண்ணிக்கையில் பார்ப்போம். 30 கிராம் சாதாரண கார்ன்ஃப்ளேக்ஸில் நார்ச்சத்து சுமார் 1 கிராம். 3 இட்லியும், பருப்பும் காயும் கனமாக உள்ள ஒரு கிண்ணம் சாம்பாரும் என்றால் சுமாராக 6 கிராம். மலச்சிக்கலுக்காக இட்லியை விட்டு கார்ன்ஃப்ளேக்ஸுக்கு மாறியவர் படிக்கட்டில் கீழே இறங்கியிருக்கிறார். கடையில் பெட்டி வாங்கும்போது முன்பக்கப் படத்தைப் பார்க்காமல் பின்பக்க அட்டவணையில் 100 கிராமுக்கு நார் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். 3 கிராம் அளவில் இருந்தால் அது பலகாரம்.

எனிமா விஷயம்தான் முக்கியம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கெல்லாக்கின் காலத்தில் "குடல் தன்விஷம்" என்ற கோட்பாடு உச்சத்தில் இருந்தது. இறைச்சிப் புரதம் பெருங்குடலில் அழுகி, அந்த நஞ்சு ரத்தத்தில் ஏறி, தலைவலி முதல் முதுமை வரை எல்லாவற்றையும் உண்டாக்குகிறது என்பது வாதம். இதைச் சொன்னவர் அவர் மட்டுமில்லை. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் மெச்னிகாஃப், 1908-இல் நோபல் பரிசு பெற்றவர், புளித்த பால் கிருமிகள் குடலின் கெட்ட கிருமிகளை விரட்டும் என்றார். லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற அறுவை மருத்துவர் மலச்சிக்கலுக்காகப் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். கெல்லாக் அவ்வளவு தூரம் போகவில்லை, கழுவுவதோடு நின்றார். ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் ஒரு தடவை மலம் போக வேண்டும் என்பது அவர் விதி. தயிரை ஒரு பாதி வாய்வழியாகவும் மறு பாதி எனிமாவாகவும் கொடுத்தார்.

இந்தக் கோட்பாடு அவர் வாழ்நாளிலேயே சரிந்தது. மலச்சிக்கலில் வரும் தலைபாரம், எரிச்சல், நாக்கு வெளுப்பு ஆகியவை மலம் கழித்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடுகின்றன. ரத்தத்தில் நஞ்சு ஏறியிருந்தால் அவ்வளவு சீக்கிரம் எப்படிப் போகும்? இந்தக் கேள்வியை 1919-இல் வால்டர் ஆல்வரெஸ் என்ற அமெரிக்க மருத்துவர் எழுப்பி, காரணம் நஞ்சு இல்லை, மலக்குடல் விரிவதால் நரம்பில் ஏற்படும் உறுத்தல்தான் என்றார். மலக்குடலைப் பஞ்சால் அடைத்துப் பார்த்த சோதனைகளில் அதே அறிகுறிகள் வந்தன. பஞ்சை எடுத்ததும் போயின. பஞ்சில் என்ன விஷம் இருக்கிறது? எனிமா எடுத்ததும் உங்கள் மாமனாருக்குக் கிடைக்கும் அந்த "லேசான" உணர்வு பொய்யில்லை. அது விஷம் கழிந்த சுகம் இல்லை, அழுத்தம் நீங்கிய சுகம்.

தினமும் செய்தால் என்ன கெடும் என்றால், உப்புச் சமநிலை பற்றி மேலே சொல்லிவிட்டேன். அடுத்தது, மலக்குடல் நிரம்பியதும் மூளைக்குச் சேதி சொல்லும் அனிச்சை மங்கும். தானாகப் போகும் பழக்கம் குறைந்து, எனிமாக் குவளை இல்லாமல் முடியாது என்ற நிலை வரும். குழாய் முனை குத்தினால் புண், அரிதாக ஓட்டை. சூடான நீர், காபி, சோப்பு நீர் ஊற்றினால் குடல்சுவர் வெந்துபோகும். கடையில் கிடைக்கும் பாஸ்பேட் எனிமா பாட்டில், சிறுநீரகம் தளர்ந்த முதியவர்களுக்குத் தனி ஆபத்து. மருத்துவமனையில் பரிசோதனைக்கு முன்போ, கெட்டிப்பட்ட மலம் அடைத்துக்கொண்டபோதோ ஒரு தடவை கொடுப்பது வேறு கணக்கு.

91 வயது வாழ்ந்தாரே என்றால், ஆமாம், 1943 டிசம்பர் 14 அன்று நிமோனியாவில் இறந்தபோது அவருக்கு 91. அவரோடு சண்டை போட்ட தம்பி வில்லும் 1951-இல் 91 வயதில்தான் இறந்தார். ஒரே வீட்டு ரத்தம். ஒரு மனிதரின் ஆயுளை ஒரு குவளைக்கு எழுதிக்கொடுக்க முடியாது.

சரி, அவர் எதில் சரியாக இருந்தார்? பலவற்றில், அதுவும் ஊரே எதிர்த்திசையில் போனபோது. தவிடு, முழுத்தானியம், பருப்பு, பழம், கீரை ஆகியவற்றை அவர் சிகிச்சையாகவே கொடுத்தார். நார்ச்சத்தின் அருமையை ஆப்பிரிக்காவில் பணியாற்றிய டெனிஸ் பர்கிட் 1970-களில் எடுத்துச் சொன்ன பிறகுதான் மருத்துவ உலகம் காது கொடுத்தது. புகையிலை கொல்லும் என்று 1922-இலேயே தனிப் புத்தகம் போட்டார். அன்று அமெரிக்க டாக்டர்களே நோயாளி முன் புகைத்துக்கொண்டிருந்தார்கள். வேர்க்கடலையை அரைத்து வெண்ணெயாக்க 1895-இலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர்களில் ஒருவர். அவர் கடலையை வறுக்காமல் அவித்தார், ருசியில் அடிபட்டதற்கு அதுவும் காரணம். கோதுமைப் பசைப்புரதமும் கடலையும் சேர்த்து இறைச்சிக்கு மாற்று செய்தார். தயிர்க் கிருமிகளைச் சோயா பாலில் வளர்த்தார். அவர் வளர்ந்த சபையின் உணவு முறை பின்னாளில் நன்றாகவே ஆராயப்பட்டது. கலிபோர்னியாவில் அட்வென்டிஸ்ட் ஆண்கள் மற்றவர்களைவிட 7.3 வருடமும், பெண்கள் 4.4 வருடமும் கூடுதலாக வாழ்ந்ததாக 2001-இல் வெளியான ஆய்வு காட்டியது. புகைக்காமை, உடல் எடை, உடற்பயிற்சி, சைவம், கொட்டைப் பருப்புகள் எல்லாம் சேர்ந்த பலன் அது. எனிமா அந்தப் பட்டியலில் இல்லை.

சபையோடு அவர் உறவு முறிந்தது வேறு கதை. 1902 பிப்ரவரி 18 அன்று சானிடேரியம் தீயில் எரிந்துபோனது. புதிதாகக் கட்டப் பணம் திரட்ட எழுதிய புத்தகத்தில், மரத்திலும் வெயிலிலும் நம் உடலிலும் கடவுள் நேரடியாக உறைகிறார் என்று எழுதினார். நமக்கு அது பழகிய பேச்சு. அவர் சபைக்கோ அது படைத்தவனையும் படைப்பையும் ஒன்றாக்கும் தவறான போதனை. அச்சுத் தகடுகள் அந்த டிசம்பரில் சபை அச்சகத் தீவிபத்தில் அழிந்தன. அவர் விடாமல் வெளியே அச்சிட்டார். மருத்துவமனை யார் கையில் என்ற அதிகாரச் சண்டையும் சேர்ந்துகொள்ள, 1907 நவம்பரில் சபையிலிருந்து நீக்கப்பட்டார். மருத்துவமனை அவரிடமே நின்றது. 1928-இல் கட்டிய 15 மாடிக் கோபுரத்தின் கடன், அடுத்த ஆண்டு வந்த பொருளாதார வீழ்ச்சியில் அதை மூழ்கடித்தது. 1942-இல் கட்டடத்தை அமெரிக்க ராணுவம் வாங்கிக்கொண்டது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் வீடியோக்காரர் செய்த தவறையே நானும் செய்வேன். கெல்லாக் இனமேம்பாட்டுக் கொள்கையின் பெரிய புரவலர். "தகுதியற்றவர்கள்" பிள்ளை பெறக் கூடாது, இனங்கள் கலக்கக் கூடாது என்ற இயக்கத்துக்குப் பணமும் மேடையும் கொடுத்தார். அந்த இயக்கத்தின் மாநாடுகள் 1914, 1915, 1928 ஆகிய ஆண்டுகளில் நடந்தன. சொந்தப் பிள்ளை இல்லாத அவரும் மனைவி எல்லாவும் 40-க்கும் மேற்பட்ட குழந்தைகளை வீட்டில் வளர்த்தார்கள், அதில் பல இனத்துப் பிள்ளைகளும் உண்டு. 1914 மாநாட்டில் கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டனும் பேசினார். அந்த வீட்டையும் அந்தக் கொள்கையையும் ஒரே மனிதர் எப்படி வைத்திருந்தார் என்றால், இரண்டுக்கும் அடியில் இருந்தது தூய்மை வெறி. குடல் தூய்மை, மனத் தூய்மை, ரத்தத் தூய்மை, எல்லாம் அவருக்கு ஒரே கோடு. கண்ணால் பார்த்துச் சொன்ன இடங்களில், அதாவது புகைப்பவன் இருமுகிறான், தவிடு தின்றவனுக்கு மலச்சிக்கல் இல்லை என்பதில், அவர் காலத்தை முந்தினார். தூய்மைக் கோட்பாட்டிலிருந்து தொடங்கிய இடங்களில் மனிதரைக் காயப்படுத்தினார். எனிமா இரண்டாவது வகை.

மாமனாரிடம் "கெல்லாக் பைத்தியம்" என்று ஆரம்பிக்க வேண்டாம். உங்கள் கணவரையும் அந்தக் கேலியை நிறுத்தச் சொல்லுங்கள். நான்கு மாதம் தினமும் இரு வேளை ஒன்றை விடாமல் செய்கிறவரிடம் ஒழுங்கு இருக்கிறது, அதை வேறு பக்கம் திருப்பினால் போதும். "டாக்டர் கெல்லாக் ஒவ்வொரு வேளையும் தவிடு கொடுத்தாராம் மாமா, அதை நாம் செய்யவே இல்லையே" என்று தொடங்கிப் பாருங்கள்.

எனிமாவை ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டு மூன்று நாள் ஒன்றுமே போகாது, பயந்து திரும்பக் குவளையை எடுத்துவிடுவார். முதலில் மாலை வேளையை மட்டும் நிறுத்துங்கள். அடுத்த வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், 500 மில்லிக்கு மேல் வேண்டாம். அதற்கடுத்த வாரம் இரண்டு தடவை. பிறகு இல்லை. ரத்தப் பரிசோதனையில் சோடியமோ பொட்டாசியமோ குறைவாக இருந்தால் இந்தப் படிப்படி கணக்கு செல்லாது. மருத்துவர் சொல்லும்படி உடனே நிறுத்த வேண்டும். இடைப்பட்ட நாட்களுக்கு லாக்டுலோஸ் அல்லது பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடியை மருத்துவர் எழுதிக் கொடுப்பார். பேதி மாத்திரையைவிட இவை மென்மையானவை. மெக்னீசியம் கலந்த வெள்ளைக் கரைசலை, சிறுநீரகக் கணக்கு தெரியாமல் கொடுக்காதீர்கள்.

உணவில் நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் நார் இலக்கு. இப்போது 10 கிராம் சாப்பிடுகிறவராக இருந்தால் வாரத்துக்கு 5 கிராம் என்று ஏற்றுங்கள். ஒரேயடியாக ஏற்றினால் வயிறு ஊதி, "இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று விட்டுவிடுவார். 50 கிராம் கேழ்வரகு மாவுக் கூழில் 5 கிராமுக்கு மேல் கிடைக்கும். கறுப்புக் கொண்டைக்கடலை 40 கிராம் ஊறவைத்துச் சுண்டல் செய்தால் சுமார் 10 கிராம். ஒரு நடுத்தரக் கொய்யா 8 கிராம் அளவில். பல் சரியில்லை என்றால் விதையை எடுத்துவிட்டு மசித்துக் கொடுங்கள். மதியம் ஒரு கீரை, ஒரு பொரியல். கோதுமைத் தவிடு கிடைத்தால் ஒரு மேசைக்கரண்டியை இட்லி மாவிலோ தயிரிலோ கலக்கலாம், அதில் 2 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. இட்லி திரும்ப வரட்டும்.

இசப்கோல் உமி ஒரு தேக்கரண்டி, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில், 200 மில்லிக்குக் குறையாமல், கலக்கியவுடன் குடிக்க வேண்டும். குறைந்த தண்ணீரில் விழுங்கினால் தொண்டையிலோ குடலிலோ உப்பி அடைத்துக்கொள்ளும். படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம். ரத்த அழுத்த மாத்திரைக்கும் இதற்கும் 2 மணி நேர இடைவெளி. இதய வீக்கம், சிறுநீரகக் கோளாறு காரணமாகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் நாரைக் கூட்டும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

காலை உணவு முடிந்த 15 முதல் 30 நிமிடத்துக்குள் பெருங்குடல் தானாக அசையும். அந்த நேரத்தை விடாமல், மலம் வந்தாலும் வராவிட்டாலும் 10 நிமிடம் போய் உட்காரட்டும். மேல்நாட்டுக் கழிப்பறை என்றால் காலுக்கு அடியில் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரப் பலகை போடுங்கள். முட்டி இடுப்புக்கு மேலே வந்தால் மலக்குடலின் வளைவு நேராகும். முக்கக் கூடாது. தினமும் போகாவிட்டால் பதற வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு 3 தடவையிலிருந்து வாரத்துக்கு 3 தடவை வரை எல்லாமே இயல்பு, கெல்லாக்கின் விதி என்னவாக இருந்தாலும்.

மாத்திரை அட்டையை இன்னொரு தடவை பாருங்கள்: இரும்புச்சத்து, கால்சியம், வெராபமில், கோடீன் கலந்த இருமல் மருந்து இவற்றில் எதுவும் மலச்சிக்கலைத் தரும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் வரும், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடை இழப்பு, ரத்தசோகை, மலம் பென்சில் போல மெலிதல், அண்மையில் திடீரெனப் பழக்கம் மாறியது, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் — இவற்றில் ஒன்று இருந்தாலும் தவிடு, இசப்கோல் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு, இரைப்பை குடல் மருத்துவரிடம் பெருங்குடல் உள்நோக்குப் பரிசோதனைக்கு நேரம் வாங்குங்கள். நான்கு மாத எனிமாவில் ரத்தம் வந்திருந்தாலும் "குழாய் பட்டது" என்று அவரே முடிவு செய்திருக்கக்கூடும். அதை மட்டும் உங்கள் கணவரைத் தனியாக அவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.